சித்தூர் நாகையாவும் சீரியல் அப்பாவும்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு போனைத் திறந்தால், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு நீளமான ஃபார்வர்ட். நடிகர் சித்தூர் நாகையா லட்சம் லட்சமாகச் சம்பாதித்தாராம், வந்தவனுக்கெல்லாம் வாரிக் கொடுத்தாராம், கடைசிக் காலத்தில் கையில் ஒன்றும் இல்லாமல் சின்னச் சின்ன வேஷம் கட்டிப் பிழைத்தாராம். ஆகவே இன்றே சேமிக்கத் தொடங்குங்கள் என்று முடிகிறது. கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள்.

சாதாரண நாளாக இருந்தால் நானும் ஒரு பொம்மையைப் போட்டுவிட்டு தோசைக் கல்லைப் பார்க்கப் போயிருப்பேன். ஆனால் அதற்கு நாலு நாள் முன்னால்தான் எங்க அண்ணா அதே குழுவில், "குலதெய்வம் கோயில் பணத்தை அடுத்த மாசம் தர்றேன், பேமெண்ட் இன்னும் வரலை" என்று எழுதியிருந்தார். அண்ணா என்றால் பெரியம்மா மகன். திருப்பதிக்காரர். டிவி சீரியலில் நடிக்கிறார். ஃபார்வர்டை அனுப்பிய மாமாவுக்கு இது தெரியும். குழுவில் உள்ள எல்லோருக்கும் தெரியும். யாருக்காக அந்தக் கதை வந்தது என்பதும் எல்லோருக்கும் புரிந்தது. அண்ணா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நீல டிக், அவ்வளவுதான்.

எனக்கு வந்த கோபத்தைக் குழுவில் கொட்டினால் தீபாவளிக்கு யாரும் யாருக்கும் போன் செய்ய முடியாது. அதனால் இங்கே கொட்டுகிறேன்.

முதலில் அண்ணாவைப் பற்றிக் கொஞ்சம். நீங்கள் அவரைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள், பெயர்தான் தெரியாது. பெண்ணுக்கு அப்பா, டாக்டர், ஜட்ஜ், கோயில் தர்மகர்த்தா, ஊர்ப் பெரியவர். சினிமாவில் ஒரு காட்சி, இரண்டு காட்சி. சீரியலில்தான் சாப்பாடு. சென்னையில் தமிழ், ஹைதராபாத்தில் தெலுங்கு. இரண்டு ஊருக்கும் நடுவில் திருப்பதி வீடு. இருபது வருஷமாக ரயிலிலும் பஸ்ஸிலும் போய் வந்துகொண்டிருக்கிறார். தெலுங்கு செட்டில் அவரை "அரவம்" என்பார்கள், அதாவது தமிழன். தமிழ் செட்டில் "கொல்டி" என்பார்கள். திருப்பதித் தமிழுக்கே உள்ள அந்த இழுப்பு போகவே இல்லை. டப்பிங்கில் வேறு ஆளை வைத்து அதைச் சரிசெய்து விடுகிறார்கள்.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்று நம்மில் பலருக்குத் தெரியாது. நாள் கணக்கில் சம்பளம். கால்ஷீட் உண்டென்றால் காசு, இல்லையென்றால் இல்லை. இந்த மாதிரி வேஷத்துக்குச் சட்டை, வேட்டி, கோட்டு எல்லாம் பெரும்பாலும் நடிகரே கொண்டுபோக வேண்டும். அண்ணா வீட்டில் ஒரு பெரிய சூட்கேஸ் இருக்கிறது, ஒவ்வொரு சட்டையிலும் எந்த சீரியல், எந்த சீன் என்று சீட்டு குத்தியிருக்கும். கண்டினியூட்டி! அண்ணி அதை ஒருநாள் துவைக்கப் போட்டுவிட்டு பட்ட பாடு தனிக் கதை. நடித்து முடித்த பணம் கைக்கு வர இரண்டு மாதம், மூன்று மாதம் ஆகும். கேட்டால் அடுத்த தடவை கூப்பிட மாட்டார்கள்.

இதில் எனக்கு மறக்காத விஷயம் ஒன்று. ஒரு சீரியலில் அவர் கதாநாயகிக்கு அப்பா. நூறு எபிசோடு தாண்டி நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் கதையில் அவருக்கு மாரடைப்பு. சாகடித்து விட்டார்கள். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம், அந்த வீட்டு ஹாலில் மாலை போட்ட அவர் போட்டோ தொங்கியது. கதாநாயகி தினம் அதன் முன்னால் நின்று அழுவாள், பேசுவாள், சபதம் செய்வாள். மொத்த சீரியலிலும் அதிக நேரம் திரையில் இருந்தது அந்த போட்டோவாகத்தான் இருக்கும். "போட்டோவுக்கு எவ்வளவுண்ணா?" என்று விளையாட்டாகக் கேட்டேன். "அது ஏதுடா, செத்தவனுக்கு ஏது கால்ஷீட்டு?" என்றார்.

சரி, நாகையாவுக்கு வருகிறேன்.

அவருக்கு சித்தூர் சொந்த ஊரே இல்லை. 1904ல் குண்டூர் ஜில்லா ரேபல்லேயில் பிறந்தவர். அது கிருஷ்ணா நதி கடலில் சேரும் பக்கம், நம்ம சித்தூருக்கு எங்கேயோ. பிறகு சித்தூருக்கு வந்து, அங்கிருந்த ராம விலாச சபாவில் நாடகம் போட்டு, பாடிப் பெயர் வாங்கி, சினிமாவுக்குப் போகும்போது ஊர்ப் பெயர் கூடவே ஒட்டிக்கொண்டது. பிறந்த ஊர் கொடுக்காத பெயரை வேலை செய்த ஊர் கொடுத்தது. இங்கே அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு "நீங்க எந்த ஊர்?" என்ற கேள்விக்கு முழிக்கிற நமக்கு இது பிடிக்க வேண்டிய விஷயம்.

1938ல் 'கிருகலட்சுமி' தெலுங்குப் படம். அதற்கடுத்து பி. என். ரெட்டியின் வாஹினி கம்பெனியில் 'வந்தேமாதரம்' (1939), 'சுமங்கலி' (1940), 'தேவதா' (1941). போத்தனா, வேமனா, தியாகய்யர் என்று தெலுங்கு நாட்டுக் கவிகளும் பக்தர்களும் திரையில் எப்படி இருப்பார்கள் என்பதை ஒரு தலைமுறைக்குக் காட்டியவர் அவர்தான். 'தியாகய்யா' (1946) படத்தில் நடிப்பு, பாட்டு, இசை, இயக்கம், தயாரிப்பு எல்லாமே அவர். தமிழில் பாகவதருடன் 'அசோக்குமார்' (1941) படத்தில் அசோகச் சக்கரவர்த்தி. எம். எஸ். சுப்புலட்சுமியின் 'மீரா' (1945) படத்தில் ராணா. ஆளே ஒரு ராஜாவாக இருந்த காலம்.

இதுவரைக்கும் ஃபார்வர்டிலும் இருக்கிறது. இதற்கப்புறம் அது ஒரே தாவாகத் தாவி வறுமைக்குப் போய்விடுகிறது. என் சண்டை அந்தத் தாவலோடுதான். 1950க்கும் 1973க்கும் நடுவில் இருக்கிற இருபத்து மூன்று வருஷத்தைக் காணோம்!

அந்த இருபத்து மூன்று வருஷத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குக் காட்டியது என் மகள். இரண்டு வருஷம் முன்னால் ஊருக்குப் போனபோது, வேலூரிலிருந்து கார் எடுத்து காணிப்பாக்கம் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு திருப்பதிக்குப் போனோம். பையனுக்கு மொட்டை பாக்கி. (வெளிநாட்டுத் தமிழன் ஊருக்குப் போனால் பாதி லீவு மொட்டைக்கும் மீதி லீவு ஆதார் கார்டுக்கும் போய்விடுகிறது.) சித்தூரில் டீ குடிக்க நிறுத்தினபோது, நாகையா கலாக்ஷேத்திரம் பற்றி டிரைவர் ஏதோ சொன்னார். அந்த ஊர் அரங்கத்துக்கு நாகையா பெயர்தான் வைத்திருக்கிறார்கள். யார் அது என்று மகள் கேட்டாள். எனக்குச் சட்டென்று சொல்ல வரவில்லை. காரிலேயே யூடியூபில் 'ஏழை படும் பாடு' படத்தைத் தேடிப் போட்டேன். 1950ல் வந்தது, பக்ஷிராஜா கம்பெனி, ராம்நாத் இயக்கம். கொஞ்ச நேரம் பார்த்தாள். வெள்ளிச் சாமானைத் திருடிக்கொண்டு ஓடியவனைப் போலீஸ் பிடித்து வர, சாமியார் அவனைக் காப்பாற்றுகிற இடம் வந்ததும் நிமிர்ந்து, "அப்பா, இது ழான் வல்ழான்!" என்றாள். போன வருஷம்தான் அவள் பள்ளிக்கூடத்தில் 'லே மிசராப்ளே' நாடகமாகப் போட்டிருந்தார்கள், அவள் கோரஸில் நின்றாள். ஆமாம், அதே விக்டர் ஹியூகோ கதைதான். சுத்தானந்த பாரதியார் தமிழில் கொடுத்த பெயரில் வந்த படம். துரத்துகிற போலீஸ் அதிகாரியாக நடித்த சீதாராமனுக்கு வாழ்நாள் முழுக்க 'ஜாவர்' என்ற பெயர் ஒட்டியது இந்தப் படத்தால்தான்.

பாகாலா வரும்வரை அவள் போனைத் திருப்பித் தரவில்லை. அந்த முகத்தில் பசி, வெட்கம், பயம் எல்லாம் வந்து போகிறது, ஆனால் எதுவும் கத்தவில்லை. அந்தக் காலத்துப் படங்களில் நாடக மேடை மாதிரி உரக்கப் பேசுகிறவர்களே அதிகம், இந்த மனிதர் குரலை இறக்குகிறார். எனக்கும் அன்றைக்குத்தான் அது கண்ணில் பட்டது.

அதற்கப்புறம் நான் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். 1958ல் 'சம்பூர்ண ராமாயணம்', தசரதன். 1961ல் 'பாவ மன்னிப்பு', சிவாஜியை எடுத்து வளர்க்கிற இஸ்லாமியப் பெரியவர். தியாகய்யராகவே வாழ்ந்தார் என்று ஊரே கும்பிட்ட மனிதர் தாடி வைத்துத் தொப்பி போட்டு வந்து நிற்கிறார், ஒரு இடத்திலும் வேஷம் மாதிரித் தெரியவில்லை. 1963ல் தெலுங்கு 'லவகுசா', வால்மீகி. 1969ல் 'தெய்வ மகன்', முகம் விகாரமான பிள்ளையை வளர்க்கிற பாபா. அப்போது அவருக்கு அறுபத்தைந்து வயது. சிவாஜி மூன்று வேஷத்தில் விளாசுகிற படத்தில், எதிரே அமைதியாக உட்கார்ந்து அவர் நடிக்க இடம் கொடுக்கிறார். இதைச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று அண்ணாவைக் கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார். மொத்தம் இருநூறு படத்துக்கு மேல் நடித்தவர். பத்மஸ்ரீ வந்தது கதாநாயகனாக இருந்தபோது இல்லை, 1965ல், இந்த அப்பா வேஷக் காலத்தில்தான். சிவாஜிக்கே அதற்கு அடுத்த வருஷம்தான் கிடைத்தது.

இதையா "சின்ன வேஷம் கட்டிப் பிழைத்தார்" என்கிறீர்கள் மாமா?

அவர் அள்ளிக் கொடுத்தது உண்மைதான். கூட வேலை செய்தவர்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் பணம் போனதற்கு அது மட்டுமா காரணம்? சொந்தமாகப் படம் எடுத்தார். 1953ல் 'என் வீடு', தமிழிலும் தெலுங்கிலும். ஓடவில்லை. 'பக்த ராமதாசு' பல வருஷம் இழுத்து 1964ல்தான் வெளியே வந்தது. சினிமாவில் ஒரு படம் வருஷக் கணக்கில் நின்றால் வட்டி என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். இதே காரியத்தை இங்கே கலிபோர்னியாவில் ஒருத்தன் செய்து, கம்பெனி ஆரம்பித்து மூழ்கி, மறுபடி சம்பளத்துக்கு வேலைக்குப் போனால் நாம் அவனை என்ன சொல்கிறோம்? துணிச்சல்காரன், அனுபவசாலி என்கிறோம். அடுத்த கம்பெனியில் அதை வைத்தே வேலை தருகிறோம். நடிகன் செய்தால் மட்டும் ஊதாரி.

இன்னொரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நடிகனுக்கு ஒரே ஒரு தடவைதான் கூலி. படம் எத்தனை தடவை ஓடினாலும் அது பெட்டிக்குச் சொந்தக்காரன் காசு. 'பாவ மன்னிப்பு' தியேட்டரில் ஓடியது, தூர்தர்ஷனில் ஓடியது, கேபிளில் ஓடியது, வீடியோ கேசட்டில் விற்றது, சிடியில் விற்றது, இப்போது யூடியூபில் விளம்பரத்தோடு ஓடுகிறது. அறுபது வருஷத்துக்கு மேலாக அந்தப் பெரியவர் முகம் யாருக்கோ சம்பாதித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அவர் 1973 டிசம்பர் 30ம் தேதி போய்விட்டார். தி. நகர் பனகல் பார்க்கில் சிலை வைத்தார்கள். அங்கே உட்கார்ந்து சுண்டல் தின்றவர்களில் எத்தனை பேர் அது யார் என்று பார்த்திருப்போம்?

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி பிறந்தது 1960ல். நடிகர் சங்கம் மார்ச் மாதம் வேலைநிறுத்தம் செய்தது, ஆறு வாரம். தலைவர் யார் தெரியுமா? ரொனால்ட் ரீகன்! பின்னாளில் தொழிற்சங்கங்களுக்கு எமனாகப் பார்க்கப்பட்டவர். இனிமேல் எடுக்கிற சினிமா டிவியில் ஓடினால் நடிகனுக்குப் பங்கு என்று வாங்கினார்கள். பழைய படங்களுக்குப் பங்கு கிடைக்கவில்லை, பதிலாக ஓய்வூதியத்துக்கும் மருத்துவத்துக்கும் ஒரு மொத்தத் தொகை. அதில் பழைய நடிகர்கள் பலருக்குக் கடைசிவரை வருத்தம் இருந்தது. மறுபடி 2023ல் ஸ்ட்ரீமிங் பங்கு, கம்ப்யூட்டரில் முகத்தைப் பிரதி எடுப்பது இதற்கெல்லாம் சேர்த்து 118 நாள் வேலைநிறுத்தம். அப்போது என் ஆபீசில் எல்லோரும் நடிகர்கள் பக்கம் பேசினார்கள். நானும் பேசினேன். திருப்பதி அண்ணா ஞாபகம் அப்போது எனக்கு வரவில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

இந்தியாவில் சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. 2012ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். கவிஞர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் எழுந்து பேசினார். பாட்டு எழுதியவர்களுக்கும் இசையமைத்தவர்களுக்கும் ராயல்டி உரிமை பலமாக வந்தது. நடிகர், பாடகர் போன்ற நிகழ்த்துகிறவர்களுக்கும், வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் ராயல்டி உண்டு என்று ஒரு வரி சேர்த்தார்கள். காகிதத்தில் அந்த வரி அழகாக இருக்கிறது. அண்ணாவுக்கு இன்றுவரை அதன் பேரில் ஒரு ரூபாய் வந்ததில்லை. 2020ல் கொரோனா வந்து ஷூட்டிங் நின்றபோது அவருக்கு வருமானம் சுத்தமாக நின்றது. அதே மாதங்களில் சேனல்கள் பழைய சீரியல்களை எடுத்து முதலிலிருந்து ஓட்டின. ஊரடங்கில் ஊரே வீட்டில் உட்கார்ந்து பார்த்தது. அண்ணாவும் அண்ணியும் வீட்டில் உட்கார்ந்து, அண்ணா நடித்ததை அண்ணாவே பார்த்தார். அந்த மாதம் அரிசிக்கு நான் பணம் அனுப்பினேன். இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன், "எழுதிக்கோ, என் பேரை மட்டும் போடாதே" என்றார்.

தயாரிப்பாளர் பக்கம் நியாயம் இல்லை என்று சொல்லவில்லை. பத்துப் படத்தில் ஒன்றுதான் ஓடுகிறது, நஷ்டத்தில் நடிகன் பங்கு எடுப்பானா என்று கேட்பார்கள். சரி, எடுக்க வேண்டாம். ஓடாத படத்துக்குக் கேட்கவில்லை. முப்பது வருஷம் கழித்தும் ஓடிக்கொண்டிருப்பதற்குத்தான், அதுவும் பத்து பைசா, இருபது பைசா. இன்றைக்கு எந்த வீடியோவை யார் எத்தனை விநாடி பார்த்தார்கள் என்று கம்ப்யூட்டர் துல்லியமாகச் சொல்கிறது. நானே அந்த மாதிரி கணக்கு எழுதுகிற வேலையில்தான் இருக்கிறேன். விளம்பரக்காரனுக்குக் கணக்கு போடத் தெரிகிற கம்ப்யூட்டருக்கு நடிகனுக்குப் போடத் தெரியாதா?

அந்த மண்ணிலிருந்து வந்த எல்லோருக்கும் இதே கதை இல்லை. ரோஜாவும் சித்தூர் ஜில்லாக்காரர்தான். 1991ல் சிவப்பிரசாத் எடுத்த 'பிரேம தபஸ்ஸு', 1992ல் நம்ம 'செம்பருத்தி', அப்புறம் 'சூரியன்', 'உழைப்பாளி', 'வீரா'. கதாநாயகிக் காலம் முடிந்ததும் தெலுங்கு டிவிக்கு வந்து நகைச்சுவை நிகழ்ச்சி நடுவராக வருஷக் கணக்கில் உட்கார்ந்தார். 2014லும் 2019லும் நகரி எம்எல்ஏ, 2022ல் மந்திரி, 2024ல் தோல்வி. அரசியலில் அவரை உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். டிவி என்பது இறக்கம் இல்லை, அடுத்த வேலை என்று புரிந்துகொண்டவர் என்பது மட்டும் என் கருத்து. அவரை அறிமுகப்படுத்திய சிவப்பிரசாத் டாக்டர், நடிகர், அப்புறம் சித்தூர் எம்பி. நாடாளுமன்றத்துக்கே நாரதர் வேஷத்தில் வந்து போராட்டம் நடத்தியவர். 2019ல் காலமானார். ராம விலாச சபா காலத்து நாடகப் பைத்தியம் அந்த ஊர்த் தண்ணீரில் இன்னும் இருக்கிறது போல. ஆனால் இவர்கள் பெயர் தெரிந்தவர்கள். பெயர் தெரிந்தவர்களுக்கு இன்னொரு கதவு திறக்கும். எங்க அண்ணா மாதிரி முகம் மட்டும் தெரிந்தவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம்.

நாமும் யோக்கியம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷம் முன்னால் எங்கள் பக்கத்து ஊர்ச் சங்கம் ஒன்று பொங்கல் விழாவுக்கு ஒரு சீரியல் நடிகரை அழைத்தது. கதாநாயகன் இல்லை, மாமனார் வேஷக்காரர். அவரிடம் பேரம் பேசிய கமிட்டியில் நானும் இருந்தேன். டிக்கெட் போடுகிறோம், ஒரு வீட்டில் தங்க வைக்கிறோம், பணம் எதற்கு, அமெரிக்கா சுத்திப் பார்க்கலாமே என்றோம். டிஜேவுக்கும் பிரியாணிக்கும் யாரும் பேரம் பேசவில்லை. மனிதர் வந்தார், இரண்டு நாள் சிரித்துக்கொண்டே ஒவ்வொரு குடும்பத்தோடும் போட்டோ எடுத்துக்கொண்டார். கிளம்பும்போது ஒரு பொன்னாடை, ஒரு கேடயம். கேடயத்தில் பெயரில் எழுத்துப் பிழை. அண்ணாவிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அவரோட சட்டையெல்லாம் யாரு இஸ்திரி போட்டாங்க?"

குழுவில் நான் கடைசியில் ஒரு பதில் போட்டேன். சண்டை இல்லை. 1950லிருந்து நாகையா நடித்த படங்களில் எனக்குப் பிடித்த ஆறின் பெயர், வருஷம், என்ன வேஷம் என்று மட்டும். மாமா கைகூப்பும் பொம்மை போட்டார். அவர் எதைப் புரிந்துகொண்டார் என்று தெரியவில்லை.

ராத்திரி அண்ணாவிடமிருந்து தனியாக ஒரு வாய்ஸ் மெசேஜ். 'ஏழை படும் பாடு' படத்தை அவர் சின்ன வயசில் திருப்பதியில் தாத்தாவோடு பார்த்தாராம், தாத்தா தியேட்டரில் அழுததைத் திரும்பிப் பார்த்துவிட்டு இவருக்குப் படமே மறந்துபோச்சாம். அப்புறம், கோயில் பணம் அடுத்த வாரம் வந்துவிடும் என்றார். புதுசாக ஒரு தமிழ் சீரியல் கிடைத்திருக்கிறது, நாளைக்கு விடிகாலை ரயிலில் சென்னைக்குக் கிளம்புகிறார்.

"என்ன ரோல்ணா?" என்று கேட்டேன்.

"அப்பாதான். இப்பவே போட்டோ ஒண்ணு கேட்டிருக்காங்கடா, ஃப்ரேம் சைஸ்ல."

அவர் சிரித்தார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.